பத்தாவது ஆள்

எங்கள் தெருவில் பெருந்தொற்று ஊசி போட்டுக்கொள்ள ஒரே நாள்தான் உண்டு, அமாவாசை. அன்றைக்குத்தான் தறி ஓடாது. ஊசி போட்டால் கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். கரையைத் தனி நூலில் கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலையில் ஒருவர் படுத்தால் இரண்டு பேருக்கும் வேலை போச்சு. என் வீட்டுக்காரர் நடுவில் ஊடுநூல் கட்டையான நாடாவை ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவேன். முப்பது வருஷமாக இப்படித்தான். அரசாங்கமோ ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டது. பிறகு சனிக்கிழமைக்கு மாற்றியது. அமாவாசைக்கு மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கெஞ்சி, ஒரு அமாவாசைக்கு அவரும் அடுத்த அமாவாசைக்கு நானுமாக இரண்டு தவணையும் முடித்தோம். ஒரே நாளில் இருவரும் படுத்தால் கஞ்சி வைப்பது யார்? அந்த ஒரு மாத வித்தியாசம் பின்னால் எங்கள் தலையில் வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

அப்புறம் மூன்றாவது ஊசி என்றார்கள். போட்ட ஊசியின் வலு நாளாக ஆகக் குறையுமாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுவரை, இரண்டு ஊசி போட்டால் கவசம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறுபத்து மூன்று வயது, சர்க்கரை வேறு, சளி பிடித்தால் மூச்சு இரைக்கும். ஆனால் பிடிவாதத்துக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

“ரெண்டு போட்டாச்சுடி. கவசம்னு அவனேதான சொன்னான்? இப்ப இன்னாத்துக்கு மறுபடி?”

எனக்கு வந்த கோபத்தில் நாடாவைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தில் விழாக்குழுவில் முன்னால் நின்றவர் இவர்.

“பன்னெண்டு வருஷத்துல சாமி பீடத்துல சாத்துன அஷ்டபந்தன மருந்தே இளகிப் பூடுது, புதுசா இடிச்சி சாத்துறீங்க. உங்க ஒடம்பு இன்னா, சாமியவிட ஒசத்தியா?”

கீழே கிடந்த நாடாவை எடுத்து என் கையில் கொடுத்தார். “சரி, அமாவாசைக்குப் போலாம்” என்றார்.

இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்கு அது முடிந்து வந்த அமாவாசையன்று போனோம். நர்ஸம்மா பாட்டிலைத் தொடவே இல்லை.

“பத்து பேர் இருந்தாதான் ஒடைக்க முடியும்மா. ஒடைச்சா அன்னிக்கே தீத்துடணும். வீணாப் போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க.”

எண்ணிப் பார்த்தால் இவரோடு ஒன்பது பேர். “நான் ஒருத்தி இருக்கேனே, போடு” என்று கையை நீட்டினேன். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவள் செல்லைத் தட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதும்மா. செல்லு ஏத்துக்க மாட்டுது.”

கையும் இருக்கிறது, மருந்தும் கண்ணெதிரே இருக்கிறது. என் உடம்பிலுள்ள வலு ஒன்பதாவது மாதக் கடைசி நாள் வரை கல்லுப்போல நின்று, மறுநாள் காலையில் பொத்தென்று விழுமா? யாரிடம் கேட்பது? பத்தாவது ஆளைத் தேடிப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அங்கேதான் எங்கள் புத்திசாலித்தனம் பல்லிளித்தது. தறி நிற்கும் நாள் என்று அமாவாசையைப் பிடித்துக்கொண்டோமே தவிர, அது விரத நாள் என்பதை யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் இலையோடு நின்றிருந்தார்.

“படையல் போட்டாச்சு அண்ணி. காக்கா இன்னும் சோறு எடுக்கல. அது எடுக்காம நான் எப்படி வாய் வெக்கிறது? வெறும் வயித்துல ஊசி போட மாட்டாங்களே.”

நானும் நின்று கா, கா என்று தொண்டை கிழியக் கத்தினேன். மற்ற நாளெல்லாம் எச்சில் இலைக்கு அடித்துக்கொள்ளும் காக்கைகள் அமாவாசையன்று மட்டும் மாப்பிள்ளை முறுக்குக் காட்டும். ஊர் முழுக்க விருந்தாயிற்றே! ஒரு வழியாக ஒன்று வந்து கொத்தி, அவர் சாப்பிட்டு, வேட்டி மாற்றி, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நர்ஸம்மா பெட்டியோடு கிளம்பிவிட்டாள். மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள். இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வுடு, அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்.” குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு அவர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தார். நான் வெளியே நாற்காலியில் இருந்தபோதுதான் டிவியில் சொன்னார்கள், ஒன்பது மாதம் வேண்டாம், இனி ஆறு மாதமே போதுமென்று. முதலிலேயே ஆறு என்று சொல்லியிருந்தால் பத்தாவது ஆள் நானேதான். நோய் வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. வந்திருந்தாலும் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர்தான் சொன்னார். அன்றைக்குச் சட்டம் போட்டவரைத் திட்டினேன், காக்காயைத் திட்டினேன், இவரைத் திட்டினேன். திட்டித் தீர்த்துவிட்டு அழுதேன்.

பிழைத்து வந்தார். மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி என்றார்கள். கழித்துப் போனால் ஸ்டாக் இல்லை என்றார்கள். இப்போது பத்து இழை ஓட்டினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறார். கரை நாடாவைப் பிடித்தபடி நான் காத்திருக்கிறேன். தெருவில் யாராவது இருமினால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறார்.

போன அமாவாசைக்குக் காக்கா முதல் கூப்பாட்டுக்கே வந்துவிட்டது. சாப்பிட்டதும் இவரே சட்டையை மாட்டிக்கொண்டு, “வா, இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கலாம்” என்றார். இவர் பட்ட பாட்டைக் கண்ட தெருவல்லவா, பக்கத்து வீட்டுக்காரரோடு பன்னிரண்டு பேர் கூடவே கிளம்பிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து நர்ஸம்மா எழுந்து நின்றாள்.

“அந்த மருந்து இப்ப வர்றதே இல்லம்மா. யாரும் கேக்கறதில்லன்னு நிறுத்திட்டாங்க.”

இவர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். வீடு வரும்வரை அதை இறக்கிவிடவில்லை. வழியில் மூன்று இடத்தில் நின்றோம்.