ஒரு முழம் வரை காட்டும் கருவி

மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்று என் மகள் கேட்டபோது அவளுக்குப் பதினோரு வயது. சைக்கிள் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கியிருப்பேன். கொலுசு கேட்டிருந்தால் அவள் அம்மா மகிழ்ந்திருப்பாள். இரண்டையும் விட்டுவிட்டு, மண்ணுக்குள் கிடப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்றாள். அதுவரைக்கும் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுப்பதுபோல புதூர்நாட்டு ரோட்டோரமெல்லாம் இழுத்துக்கொண்டு அலைந்தவள்தான். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய லாடம், ஜீப்பிலிருந்து உதிர்ந்த நட்டுகள், வளைந்த ஆணிகள். காந்தம் மேலே கிடப்பதைத்தான் பிடிக்கிறது, கீழே கிடப்பதை விட்டுவிடுகிறது என்பது அவள் புகார்.

நான் மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவன். மகளுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பேய் இல்லை, பில்லிசூனியம் இல்லை, எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிற வாத்தியார். அந்த வாத்தியார் ஒரு காலத்தில் என்ன செய்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்துவைத்தது போலாகும். ஒளித்துவைத்தது போதும்.

இவளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஒன்பது நாள் இருந்தாள். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்புக்காகக் காத்திருந்தபோதே போய்விட்டாள். எங்கள் வகையறாவில் தலைச்சன் பிள்ளை செத்தால் ஒரு வழக்கம் உண்டு. வசிய மை எடுக்கிற மந்திரவாதிகள் தலைச்சன் பிள்ளையின் உடலைத் தேடிவந்து தோண்டுவார்கள் என்று பயம். அதனால் இடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். சொந்த நிலத்திலேயே, மேடு தெரியாமல் மட்டமாகப் புதைப்பார்கள். குழி முக்கால்வாசி மூடியதும் காவலுக்கு ஓர் இரும்பை வைத்து மேலே மண் போடுவார்கள். இடம் இரண்டு ஆண்களுக்கு மட்டும்தான் தெரியும். பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் அங்கே போய் உட்கார்ந்து அழுவாள், அழுதால் இடம் ஊருக்குத் தெரிந்துவிடும்.

நானும் என் சித்தப்பாவும்தான் புதைத்தோம். அவர் இப்போது இல்லை. ஆக, இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த வழக்கத்தை நான் நம்பினேனா என்றால், இல்லை. நம்பாமலே செய்தேன். நம்பிச் செய்திருந்தாலாவது அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். முதல் வருடத்தில் என் மனைவி நாலைந்து முறை கேட்டாள்.

"எந்த எடம்னு மட்டும் சொல்லுங்க. நான் போவமாட்டேன்."

"நம்ம நெலத்துலதான். நல்லா இருக்குது" என்றேன்.

நல்லா இருக்குதாம்! எப்படித்தான் அந்த வார்த்தை வாயில் வந்ததோ. அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கருவி வாங்குவதற்கு முன்னால் இரண்டு வாரம் போனிலேயே கிடந்தேன். எவ்வளவு எடை, தண்டின் நீளத்தைக் குழந்தையின் உயரத்துக்குக் குறைக்க முடியுமா, நுனியில் இருக்கும் வட்டத் தட்டு நனைந்தால் கெடுமா, ஹெட்போன் மாட்டலாமா என்று ஒன்று விடாமல் பார்த்தேன். பாடம் நடத்தக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை. பிறகு மகளை அழைத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். கேமரா, பேட்டரி, எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் ஒரு கடை.

கடைக்காரர் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சின்னது, மஞ்சள் நிறம், திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ். மகள் அதை ஒரு கையால் தூக்கி, தரையில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"மொத மெஷினுக்கு இது போதும் சார். காசு போட்டா நாலு விரல் ஆழம் வரைக்கும் காட்டும். பாப்பாவுக்குக் கை வலிக்காது" என்றார் கடைக்காரர்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். "எந்த ஊரு சார்?" என்றார். புதூர்நாடு என்றேன். ஒரு சிரிப்பு சிரித்தார்.

"மலையா? அப்ப புதையலுக்குன்னு சொல்லுங்க! பாப்பாவுக்குன்றீங்க. புதையலுக்கு இந்தப் பெருசுதான். ஆனா இதுல செட்டிங் நெறைய இருக்கும், உங்களுக்குக் கஷ்டம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மலையிலிருந்து வருகிறவன் புதையலுக்குத்தான் வருவான், அவனுக்குக் குமிழைத் திருகத் தெரியாது, அதுதான் அவர் நினைப்பு. "நான் சயின்ஸ் வாத்தியார். அந்தப் பெருச எடுங்க" என்றேன். மகளின் கை எதைப் பிடித்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பெரியதைப் போட்டுக் காட்டினார். இரும்பு என்றால் அடித்தொண்டைச் சத்தம். பித்தளை, செம்பு, வெள்ளி என்றால் கீச்சென்று சத்தம். பெரிய இரும்பாக இருந்தால் ஒரு முழம் ஆழத்தில் கிடந்தாலும் விடாது என்றார். ஒரு முழம் என்பது என் காதில் நன்றாகவே விழுந்தது. அந்த இடத்தில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழந்தையின் முகம் எப்போதாவது வரும். அதன்மேல் வைத்த இரும்பைப் பதினாலு வருடத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

"அப்பா, சின்னதே நல்லா இருக்குதுப்பா." மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வளர்ற பொண்ணு, பெருசுதான் சரி" என்றேன், யூனிபார்மை இரண்டு அளவு பெரிதாகத் தைக்கச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்தபின் அவளால் அதை இரண்டு கையால்தான் தூக்க முடிந்தது. ஒரு துண்டைத் தோளில் மாட்டி, அதில் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் சட்டம் போட்டேன். காட்டுப் பக்கம் போகக் கூடாது, ஃபாரஸ்ட்காரர்கள் பார்த்தால் வம்பு. அடுத்தவர் நிலத்துக்கும் போகக் கூடாது, புதையல் என்று ஊரே வாசலில் வந்து நிற்கும். நம் நிலத்தில் மட்டும்தான். இரும்பை ஒதுக்கிவிடும்படி ஒரு பொத்தான் அதில் இருந்தது. அதைப் போட்டால் எங்கள் நிலத்தில் எந்தச் சத்தமும் வரவில்லை. மூன்றாவது நாள் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. நானே அந்தப் பொத்தானை அணைத்து, "இரும்பும் உலோகம்தான்டி" என்று பாடம் வேறு நடத்தினேன்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கீழ் நிலத்திலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு மேலே வந்தாள். தேய்ந்த ஏர்க்கொழு, சங்கிலிக் கண்ணி, பாட்டில் மூடிகள். என் மனைவிக்கும் அதில் குஷி பிறந்துவிட்டது. "என் மூக்குத்தித் திருகாணி ஒண்ணு போச்சிடி. அதக் கண்டுபுடிச்சிக் குடு, உன் மெஷினுக்குப் பொட்டு வச்சிப் பூஜ போடறேன்" என்று சீண்டுவாள்.

ஒரு சனிக்கிழமை. சாமை அடித்து முடித்து, வாசலுக்கு எதிரே களம் காலியாகக் கிடந்தது. நான் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி முறத்தில் புளியைக் கொட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். மகள் களத்துக்கு வந்துவிட்டிருந்தாள். பலா மரத்துப் பக்கத்து மூலையில் கருவி கத்தியது.

"அப்பா, ரெண்டு சத்தம் வருதுப்பா! இரும்பும் வருது, கீச்சும் வருது!"

கருவியின் தட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். அப்போதுதான் அந்த இரும்பு ஞாபகம் வந்தது. அந்த வருடம் களத்தைப் புதிதாக வெட்டிக்கொண்டிருந்தோம். மண் கிளறிக் கிடந்ததால் அங்கே புதைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று சித்தப்பா சொன்னார். "இரும்பு எதனா கொண்டாடா" என்றார். கூரையில் செருகியிருந்த கதிர் அரிவாள் ஒன்றை உருவிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"அங்க வேணாம்!" என்று கத்தினேன். கத்திய கத்தலில் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"ஏங்க?" என்றாள் மனைவி.

"களம் பாழாப்பூடும்."

"எப்பிடியும் புதுசா மொழுவணும். வெடிச்சிக் கெடக்குது பாருங்க. கொழந்த ஆசயா கேக்குது. நீ தோண்டுடி."

அவளே எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்துவந்து கொடுத்தாள். மகள் குத்த, அவள் மண்ணை வாரிப் போட்டாள். களத்து மண் இறுகிக் கிடந்தது, சீக்கிரம் இளகவில்லை. எனக்கு நேரம் இருந்தது. எழுந்து பத்தடி நடந்து, நிறுத்துங்கள், இதுதான் அந்த இடம் என்று சொல்ல வேண்டிய அளவுக்கு நேரம் இருந்தது. நான் டீயைக் குடித்து முடித்தேன். என்னைப் பற்றி நான் எழுதக்கூடியதில் இதைவிடக் கேவலமான வரி வேறு இல்லை.

அரிவாள் வந்தது. மரப்பிடி மக்கிப்போயிருந்தது. இரும்பு துருவேறிச் சல்லடையாகியிருந்தது. பிடி சேரும் இடத்தில் இருந்த பித்தளைப் பூண் மட்டும் பச்சை பிடித்துக் கெட்டியாக இருந்தது.

"பித்தள! நான் சொன்னேன்ல?" மகள் அதைப் பாவாடையில் துடைத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

என் மனைவி பூணை நகத்தால் சுரண்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிவாள். நான் உருவியபோது யாருடையது என்று பார்க்கவில்லை. பிள்ளை செத்த மாதம் அவள் அதைத் தேடித் தேடி, பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்தாள் என்று தெருவே கூடுமளவுக்குச் சண்டை போட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அந்தச் சண்டையில் நான் நடுவே புகுந்து, "போனா போவுது, வேற வாங்கிக்கலாம்" என்று சமாதானம் பேசினேன். அரிவாள் இருக்கும் இடத்தைச் சொன்னால் பிள்ளை இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அரிவாளைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழ இன்னா இருக்குது?" என்றாள். சத்தமே இல்லை குரலில்.

கேள்வி தனக்குத்தான் என்று மகள் நினைத்துக்கொண்டாள். கருவியைக் குழிக்குள் இறக்கி, தட்டை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, நிதானமாக. ஒரு சத்தமும் வரவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. கீழ காலி."

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "உனக்கு ஒரு அக்கா இருந்தா. இங்கதான் இருக்குது" என்றாள்.

மகள் குழியைப் பார்த்தாள். கருவியைத் தோளிலிருந்து கழற்றிச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். பிறகு கடப்பாரையைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"நான் குத்திட்டனாம்மா?"

"இல்லடி. இல்ல கண்ணு. நீ குத்தல" என்று என் மனைவி அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டாள். அப்படியே தலையை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"பதினாலு வருசம். இது மேல சாணி போட்டு மொழுவுனேன். மாட்ட வுட்டுப் பொணை ஓட்டுனேன். சாமை அடிச்சேன். நீங்க இதே எடத்துல உக்காந்து டீ குடிச்சிக்கினு பாத்துக்கினு இருந்தீங்க."

அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஒவ்வோர் அறுவடைக்கும் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. "சித்தப்பாதான்..." என்று ஆரம்பித்தேன்.

"செத்தவர் மேல போடாதீங்க" என்றாள்.

அம்மாவும் மகளுமாகக் கையாலேயே மண்ணை அள்ளிக் குழியை மூடினார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். "நீ வேணாம்பா" என்றாள் மகள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மகள் கருவியின் பேட்டரியைக் கழற்றி, இரண்டையும் பரண்மேல் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஜாமெட்ரி பாக்ஸ்கூட அம்மாவிடம்தான் கேட்கிறாள்.

களத்தை வீட்டின் மேற்குப் பக்கம் மாற்றிவிட்டோம். சில சாயங்காலங்களில் என் மனைவி பலா மரத்துப் பக்கம் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுகிறாள். ஊருக்கே இடம் தெரிந்துவிட்டது. எந்த மந்திரவாதியும் வரவில்லை.

வாசலிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போக அந்த மூலை வழிதான் குறுக்கு வழி. நான் படியிறங்கினால் என் மனைவி கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என் காலைப் பார்க்கிறாள். நான் தாண்டிப் போகும்வரைக்கும் பார்க்கிறாள். நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.