பின்கதவுச் சாப்பாடு

புகையில் வாட்டிய பன்றி இறைச்சி பாரிஸில் எங்கே நன்றாக இருக்கும் என்று போன வாரம் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கேட்ட வாய் மூடுமுன் ஆறு கைபேசிகள் மேசைக்கு வந்துவிட்டன. நட்சத்திரங்களை எண்ணினார்கள். இவ்வளவு தூரம், இத்தனை நிமிட நடை என்றார்கள்; இறைச்சி அருமை, நாற்காலிதான் ஆடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "நீ லாச்சப்பல் பக்கம் வளர்ந்தவள், உனக்குத் தெரிந்திருக்குமே?" என்று என்னிடம் திரும்பினார்கள். தெரியாது என்றேன். சீனி எப்போதோ கரைந்துவிட்ட தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒன்பது வயதில் ஒருமுறை சொன்னேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க எங்கள் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மெத்ரோ தலைக்கு மேலே ஓடும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நாலாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி. சித்தப்பா முன்னறைச் சோபாவில் படுப்பார். சோபா புகை மணக்கும். சோபாவில் இருந்து வீட்டுப்பாடம் எழுதினால் கொப்பி புகை மணக்கும். மழை நாட்களில் அவருடைய கோட் கதவுக்குப் பின்னால் தொங்கியபடி தானே ஒரு சிறு அடுப்புப்போல மெல்ல மெல்ல வாசம் விட்டுக்கொண்டிருக்கும். வேலைக்குப் போயிருக்கும் ஆள் வீட்டிலும் இருப்பதுபோல.

கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் அவருக்கு வேலை. அதன் பின்முற்றத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு புகையறை. அதற்குள் பன்றித் துடைகளும் விலா எலும்புகளும் காலையிலிருந்து தொங்கும். சித்தப்பா அரை மணிக்கொரு தடவை போய் ஒரு செங்கல்லை இழுத்து, ஒரு செங்கல்லைத் தள்ளி, புகையைத் தன் சொல் கேட்க வைப்பார். பிறகு தணல் மேல் ஒரு வாட்டு. வெளியே கருகி உள்ளே ரோசாவாக இருக்கும் அந்த இறைச்சியைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

அந்நாட்களில் எங்கள் ஆட்களுக்கு உணவகங்களின் பெயர் தெரியாது. உள்ளே அடுப்படியில் நம்மவர் யார் நிற்கிறார் என்பதுதான் தெரியும். மரக்கறிக் கடையில் அம்மா முருங்கைக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் பேசுவது கேட்கும்.

"மச்சான், மீன் சூப்புக்கு எங்கை போறது?"

"ஒப்பேராப் பக்கத்திலை ஒரு கடையிலை எங்கடை சின்னவன் நிக்கிறான்."

"பண்டி?"

"கார் து லெஸ்ட்டுக்குப் பின்னாலை. இந்த அக்காவின்ரை மச்சான்தான். ஆனா திங்களிலை போயிடாதை, அவருக்கு லீவு. போனாயெண்டால் செருப்புத்தான் தின்னுவாய்."

போவது என்றால் முன்கதவால் அல்ல. மத்தியானச் சனம் எழும்பிப் போனபிறகு, முற்றத்தால் நுழைந்து, இரும்புக் கதவில் இரண்டு தட்டு. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வெளியே வரும். அப்படித்தான் பாரிஸின் பெரிய உணவகங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன, வனிலா என்றும் பிஸ்தா என்றும் எழுதிய டப்பாக்களில். பத்துப் பன்னிரண்டு இடத்துச் சமையலை ருசித்திருந்தேன். ஒரு நாற்காலியைக் கண்டதில்லை. உணவகம் என்றால் ஓர் இரும்புக் கதவு, ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி, கவிழ்த்த பெட்டியில் குந்தியிருந்து சிகரெட் பிடிக்கும் ஓர் அண்ணை. உள்ளே வேறு சிலர் மேசை போட்டு இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். சட்டியிலிருந்து அவ்வளவு தூரத்திலா?

அம்மா பன்றியைத் தொடமாட்டார். அதற்குத் தனிச் சட்டி, தனி முள்ளுக்கரண்டி. வெள்ளிக்கிழமைகளில் டப்பாவுக்கு வீட்டுக்குள் இடமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில், குளிருக்குள் நின்று சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சித்தப்பா கண்ணாடியைத் தட்டிச் சொல்வார்:

"பாவம், உதுக்கும் காட் இல்லைப்போல. வெளியாலை நிக்குது."

அப்பா சிரிப்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்" என்பார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரிப்பேன்.

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில், நாலரை மணிக்கு, சித்தப்பாதான் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவார்கள். எங்கள் மெத்ரெஸ் மட்டும், வகுப்பு ஆசிரியை, பெரிய கண்ணாடி போட்ட மெலிந்த மனுசி, கிட்ட வருவார். "வணக்கம் ஐயா" என்பார். சொல்லிவிட்டுத் தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் நிற்பார். மூச்சை இழுத்தபடி.

ஒருநாள் பிரான்ஸ் வரைபடத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு எந்தப் பக்கத்தில் என்ன சாப்பாடு என்று படிப்பித்தார். கடற்கரையில் சிப்பி, மலையில் பாற்கட்டி. கிழக்கு மூலைக்கு வந்ததும் கம்பு நகரவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஊராம். குளிர் தொடங்கினால் வீட்டுக்கு வீடு புகைக்கூண்டில் பன்றி தொங்குமாம், தெருவே மணக்குமாம். "பாரிஸுக்கு வந்து எட்டு வருடம். ஓர் இடத்திலும் அந்த..." என்றவர் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் கையை உயர்த்தினேன்.

எனக்குத் தெரியும் என்றேன். வழியும் சொன்னேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், முற்றத்துக்குள் போய், பச்சைத் தொட்டிக்குப் பக்கத்து இரும்புக் கதவு, இரண்டு தட்டு. திங்களில் போகக் கூடாது. வகுப்பு சிரித்தது. மெத்ரெஸ் சிரிக்கவில்லை. "முன்பக்கம் என்ன பெயர் எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். முன்பக்கம் ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். முற்றம் இருக்கும் தெருவின் பெயரைச் சொன்னேன். பிறகு, கேட்காமலே, சித்தப்பாவின் முழுப் பெயரையும் சொன்னேன். நீண்ட பெயர். எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

அப்போதெல்லாம் சனிக்கிழமை காலையும் வகுப்பு. வகுப்பு முடிய அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, "இன்றைக்குப் போகிறேன்" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். நான் நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். அப்பாவும் சாப்பிட இருந்தார். சொன்னேன்.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"ஆற்றை பேர் சொன்னனி?"

"சித்தப்பான்ரை."

"முழுப் பேரோ?"

"ஓம். எழுத்துக்கூட்டியும் சொன்னனான்."

அப்பா கையைக் கழுவாமலே எழும்பினார். ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டார். மற்றதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார்:

"எங்கை போறியள்? அங்கைதான் நீங்கள் வேலை செய்துகொண்டு நிக்கிறியளே!"

அப்பா ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். அந்த வசனம் எனக்கு நல்ல பகிடியாக இருந்தது. வீட்டில் நிற்கிற அப்பா எப்படி அங்கே நிற்பார்?

பத்து வருடம் கழித்துத்தான் அதை அவிழ்த்துப் பார்த்தேன். அப்பாவுக்கு அகதி அட்டை, வீட்டில் 'காட்' என்று சொல்வது, கிடைத்திருந்தது. சித்தப்பாவின் மனு இரண்டு தடவை திரும்பி வந்திருந்தது. ஆகவே சித்தப்பா அப்பாவின் அட்டையில் வேலை செய்தார். இருவரும் மீசையை ஒரே மாதிரி வெட்டிக்கொண்டார்கள். மிச்சத்தை, எங்கள் முகங்களைப் பிரித்தறியாத பாரிஸின் கண்கள் பார்த்துக்கொண்டன. காகிதத்தில் என் அப்பா சென் தெனியில் அலுவலகம் துடைத்துக்கொண்டும், அதே மணிக்கு கார் து லெஸ்ட்டில் பன்றி வாட்டிக்கொண்டும் இருந்தார். உணவகத்தில் சித்தப்பாவை எல்லோரும் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் அங்கே போய் நின்றால் முதலில் வேலை போகும். பிறகு அப்பாவின் அட்டை. பிறகு நாலாம் மாடி.

அம்மா வீட்டுச் சட்டைக்கு மேலே கோட்டை மாட்டி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். கார் து நோர்ட் தாண்டி, இறக்கத்தில், ஓட்டமாக. நான் வழி காட்டினேன். அம்மா அந்த முற்றத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சூட்டுக்காக இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சித்தப்பாவும் எங்கள் ஆட்கள் இன்னும் இருவரும். அம்மா கூப்பிட வாயெடுக்குமுன், அந்தப் பக்கம், வட்டக் கண்ணாடி வைத்த ஆடுகதவைத் தள்ளிக்கொண்டு பரிசாரகன் வந்தான். கையில் கடதாசித் துண்டு. சிவப்பு எழுத்து. என் சித்தப்பாவின் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்து, "இப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா? ஓர் அம்மையார் கேட்கிறார்" என்றான்.

கத்திகள் நின்றன. கோப்பை கழுவுகிறவர் தண்ணீரையே பார்த்தார். சித்தப்பா தணலில் கிடந்த ஒரு துண்டை அவசரமில்லாமல் மறுபக்கம் திருப்பினார்.

"இல்லை. அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை."

இதோ நிற்கிறாரே என்று கத்தப் போனேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. சித்தப்பா எங்களைக் கண்டார். காணாதவர்போல உப்பை எடுத்தார்.

பிறகு முதலாளியே வந்தான், எங்கள் ஆட்கள் பத்ரோன் என்று கூப்பிடுகிறவன், சிவந்த முகத்தோடு. "அந்த அம்மையாருக்கு இந்தப் பன்றியைச் செய்தவரைப் பார்க்க வேண்டுமாம். வா, வா!" என்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அம்மாவின் கைக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாளிக்கே ஆளைத் தெரியவில்லை! சித்தப்பா விரல் விரலாகத் துடைத்தார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். போனார்.

ஆடுகதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு கீற்றுத் தெரிந்தது. வெள்ளைத் துணி. நாற்காலிகள், எத்தனை நாற்காலிகள்! அதிலொன்றிலிருந்து மெத்ரெஸ் எழும்பிக்கொண்டிருந்தார். கதவு மூடியது. திறந்தது. முதலாளி சித்தப்பாவின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். மெத்ரெஸ் சித்தப்பாவைப் பார்த்தார். மூடியது. திறந்தபோது மெத்ரெஸ் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்து கோட்டும் கழற்றாமல் சோபாவில் இருந்தார்.

"பத்ரோன் என்னைக் காட்டி, 'இவர்தான்' எண்டு அண்ணையின்ரை பேரைச் சொன்னான். மனுசி என்னைப் பார்த்தா. ஒரு செக்கன்தான் அண்ணை. பிறகு கையை நீட்டி, அண்ணையின்ரை பேரையே சொல்லி வணக்கம் எண்டா. தான்தான் பேரை மாறி எழுதிப்போட்டனெண்டு பத்ரோனிட்டை மன்னிப்பும் கேட்டா."

"விளங்கிச் சொன்னவவோ, விளங்காமல் சொன்னவவோ?" என்றார் அப்பா.

"தெரியேல்லை அண்ணை."

அம்மா கேட்டார்: "சாப்பிட்டவவோ?"

"எலும்புதான் மிச்சம் அண்ணி."

என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனதும் மெத்ரெஸிடம் கேட்டேன். தன் ஊரில் சாப்பிட்டதுபோலவே இருந்தது என்றார். "உன் அப்பா மிக நன்றாகச் சமைக்கிறார்."

"அப்பா இல்லை. சித்தப்பா!"

"ஓ... ஆமாம். நான் குழப்பிக்கொண்டேன்." பிறகு குனிந்து, "நீ சொன்ன அந்த வழியை இனி ஒருவருக்கும் சொல்லாதே. கூட்டம் வந்தால் எனக்கு இடம் கிடைக்காமல் போய்விடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஒப்புவித்தேன்: மெத்ரெஸும் பாண்கடைக்காரி மாதிரித்தான். அவவுக்கும் எங்கடை ஆக்கள் எல்லாம் ஒரே மூஞ்சி. அதோடை பெரிய தின்னி, தனக்கு மட்டும் வேணுமாம். அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா ஜன்னலைத் திறந்தார். விளிம்பில் நின்ற டப்பாவை உள்ளே எடுத்தார். முள்ளுக்கரண்டியைத் தேடாமல், கையாலேயே, நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துப் பிய்த்து வேறொரு டப்பாவில் அடுக்கினார். மூடி, துணியால் கட்டி, "நாளைக்கு மெத்ரெஸிட்டைக் குடு" என்றார். "அண்ணி, இண்டைக்கு வெள்ளி" என்றார் சித்தப்பா. "தெரியும்" என்றார் அம்மா.

சித்தப்பாவுக்கு அட்டை கிடைக்க இன்னும் நாலு வருடம் எடுத்தது. அந்த முற்றத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வாசல்தான். அந்த வருடம் முழுக்க, அப்பா என்னைக் கூட்டிப்போக வந்த சில நாட்களில், மெத்ரெஸ் அவரைப் பெயர் சொல்லி, வாசலுக்கே கேட்கும்படி வணக்கம் சொல்வார். சித்தப்பா வந்த நாட்களில் கிட்ட வந்து, மூச்சை இழுத்து, மெல்ல "வணக்கம் ஐயா" என்பார். அவ்வளவுதான். பெயர் வராது. ஒருநாளும் மாறவில்லை. அவ்வளவு பாடுபட்டு எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தும் ஒரு பெயரை நினைவில் வைத்திருக்கத் தெரியாத மனுசி என்று, அந்த வருடம் முடியும்வரை எனக்கு அவரில் கோபம் ஆறவேயில்லை.