மழையில்லாமல் ஒழுகிய கூரை

உலோகக் கூரைத் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. போன் வரவில்லை என்றால் கூரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடமாகப் பெங்களூரில் கடை, கொடவுன், கம்பெனிகளுக்கு ஷீட் போட்டுத் தருகிறேன். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, வானம் கறுத்தாலே நீங்களும் போனைத்தான் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், என் கூரை ஒழுகாது. ஒரே ஒரு தடவை ஒழுகியது, பொம்மனஹள்ளியில், அதுவும் சொட்டு மழையில்லாத நாளில்.

கஞ்சி போட்ட தகரம்

விமலா மேடம் பல வருடம் கார்மென்ட்ஸில் மெஷின் மிதித்தவர். கையிலிருந்ததையெல்லாம் போட்டுச் சொந்தமாகச் சட்டை தைக்க பொம்மனஹள்ளியில் ஒரு ஷெட் எழுப்பிக்கொண்டிருந்தார். ஷீட் வாங்க வருகிறவர்கள் பொதுவாக அதைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள், சிலர் காந்தம் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பார்கள். இரண்டிலும் கனம் தெரியாது என்று சொன்னால் கோபம் வரும், அதனால் சொல்ல மாட்டேன்.

இவரோ ஓரத்தை இரண்டு விரலால் துணி மாதிரி நிமிண்டினார். "கை கிழிச்சிடும் மேடம், இது அரை மில்லிமீட்டர்" என்றேன். நம் ஆட்கள் பாதிப்பேர் செய்வதுபோல நானும் பூச்சையும் சேர்த்துத்தான் அளவு சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெயிண்ட்டோட சேத்து அரையா, பெயிண்ட் இல்லாமலா? நாங்க கஞ்சியைக் கழுவிட்டுத்தான் துணியை எடை பாப்போம்."

டேங்கர் சாட்சி

வெறும் தகரத்துக்கு அடியில் மதியம் யாராலும் உட்கார முடியாது. வெள்ளித்தாள் ஒட்டிய பபிள் ஷீட்டை அடியில் கொடுத்தால் சூடு இறங்காது. ஷெட் முழுக்கக் கொடுக்க வேண்டுமா என்று மேடம் கேட்டார். "முன்னாடி தைக்கிறவங்க இருப்பாங்க, கட்டாயம் வேணும். பின்னாடி எதுக்கு?" என்று வள்ளல் மாதிரி சொன்னேன். பின்பக்கம் பெட்டி அடுக்கத்தான் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் ஃபிட்டர் பாஷா பாய் ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில்தான் அடிப்பார், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அதன் வழியே இறங்கும். வேலை முடிந்ததும் எங்கள் வழக்கப்படி ஒரு டேங்கர் தண்ணீரைக் கூரைமேல் விட்டோம். உள்ளே ஈரமே இல்லை. "இதுல ஒரு சொட்டு விழுந்தா என் பேரை மாத்திக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தேன். பாஷா பாய் ஏணியிலிருந்தே சொன்னார்: "ஸ்க்ரூ அடிச்சது நானு, தண்ணி ஊத்துனது நானு. சபதம் மட்டும் நீங்க பண்ணுங்க சார்."

வெள்ளைச் சட்டைகள்

டிசம்பரில் ஒரு காலை, குளிர் நன்றாகவே இருந்தது. மேடம் போன் செய்தார், கூரை சொட்டுகிறதாம். முதல் ஆர்டர் முழுக்க வெள்ளைச் சட்டை, சனிக்கிழமை லாரி ஏற வேண்டும். அது திரும்பி வந்தால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

ஓடினேன். கூரைமேல் தூசிதான் இருந்தது. பாஷா பாய் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முறுக்கி, இணைப்பெல்லாம் சீலன்ட் பசை அப்பினார். மறுநாள் காலையும் சொட்டியது. என்னை அவமானம் பிடுங்கித் தின்றது. அயர்ன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா, கறை பட்ட சட்டையை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "புதுப் பேரு என்னா சார்? போன்ல மாத்திக்கணும்."

கீழே நின்று பார்த்தது

ஸ்டெல்லா அக்கா திரும்பிப் போய் அயர்ன் மேஜையருகே நின்றபோதுதான் நான் பின்பக்கத்தைச் சரியாகப் பார்த்தேன். அங்கே ஒரு பெட்டிகூட இல்லை. வரிசையாக ஸ்டீம் அயர்ன்கள், புஸ் புஸ்ஸென்று ஆவி. அது மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு, இட்லிப் பானை மூடியில் நிற்பதுபோல முத்து முத்தாகக் கோத்து, தூசியோடு கீழே விழுகிறது. கூரையில் ஓட்டையே இல்லை, ஓட்டை என் புத்தியில்தான்.

அன்றே மேஜைகளை முன்பக்கம் நகர்த்தினோம். வெள்ளிக்கிழமைக்குள் பின்பக்க ஷீட்டைக் கழற்றி, பபிள் ஷீட் கொடுத்து, ஆவி வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தோம். ஸ்டெல்லா அக்காவின் ஆட்கள் கறைச் சட்டைகளைத் துவைத்து மறுபடி தேய்த்தார்கள். சனிக்கிழமை லாரி கிளம்பியது. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்த விமலா மேடம் என் பக்கம் திரும்பினார். "வெயிலு, மழை, காத்து எல்லாத்தையும் கேட்டீங்க. கீழ நாங்க என்னா வேலை செய்யறோம்னு மட்டும் கேக்கவே இல்லியே சார்."

இருபது வருடமாக மேலேயே பார்த்துப் பார்த்துச் சம்பாதித்த என் கழுத்துவலி, இப்போது முதலில் கீழே பார்ப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.