ஒழுகுவதற்காகச் செய்த பாதை

நிலாவெளிக் கரையில் ஃபைபர் படகு திருத்துவதில் வீரசிங்கத்தாரை மிஞ்ச ஆளில்லை. இருபத்தாறு வருடமாக இதை அவரே சொல்லிவருகிறார். மறுத்தவரின் படகு நாளைக்கு ஒழுகினால் எங்கே கொண்டுபோவது என்பதால், எவரும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவரைத்தான் சுஹைரா டீச்சர் கூப்பிட்டனுப்பினார். ஓய்வுபெற்றபின் வீட்டை விருந்தினர் விடுதியாக்கியவர். கேற்றிலிருந்து வாசல்வரை சல்லிக்கல் பாதை. மாரி மழையில் பாதிக் கல் ரோட்டுக்குப் போய்விடும். மீதிக் கல்லில் விருந்தினர் உருட்டிவரும் பெட்டியின் சில்லு புதையும்.

“கல்லை ஒட்டித்தர ஏலுமா, அண்ணன்? இல்லாட்டி கொழும்பு ஆக்களைத்தான் கூப்பிடவேணும்.”

“கொழும்பு ஆக்களோ! டீச்சர், கடலையே வெளியில நிப்பாட்டுற ரெசின் பசை என்னட்ட இருக்கு. உங்கட கல்லு எம்மாத்திரம்?”

ஆனாலும் மேதைகள் பரீட்சை வைக்காமல் இறங்குவதில்லை. மனைவி புஸ்பராணியின் கேக் தட்டுகள் மூன்று அறிவியலுக்கு அர்ப்பணமாயின. ஒன்றில் படகு ரெசின், அடுத்ததில் எபொக்சி, மூன்றாவதில் வெயிலுக்கு நிறம் மாறாது என்று கடைக்காரர் சத்தியம் செய்த பொலியூரிதேன். கல்லோடு குழைத்து இறுகவிட்டு, பலகைபோல் கழற்றிக் கூரையில் ஒரு மாதம் காயவைத்தார். எபொக்சி மஞ்சள் காமாலை கண்டு போட்டியிலிருந்து விலகியது.

மற்ற இரண்டையும் வாளிமேல் வைத்து, டீச்சர் முன்னிலையில் தண்ணீர் ஊற்றினார். படகு ரெசின் பலகையில் இடுக்கெல்லாம் அடைபட்டிருந்ததால் தண்ணீர் அப்படியே நின்றது. பொலியூரிதேன் பலகையில் கல்லிடுக்கெல்லாம் புகுந்து வாளிக்குள் கொட்டியது.

“பாத்தியளே? மூண்டாவது குப்பை. முதலாவதில ஒரு சொட்டும் இறங்கேல்ல!”

“அண்ணன், நான் பாதை கேட்டனான். குளம் கேக்கேல்ல. நிக்கிற தண்ணி என்ர வாசலுக்குள்ளயெல்லோ வரும்?”

வீரசிங்கத்தார் இரண்டு நாள் அந்த மூன்றாவது பலகையில் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். ஒழுகுகிற சாமான் ஒன்றைத் தன் கையால் செய்வதா? பெயர் என்னாவது?

“இஞ்சேருங்கோ, கொழும்பு ஆக்கள் வந்து செய்தால் மட்டும் பெயர் நிக்குமோ?” என்றார் புஸ்பராணி.

மூன்றாம் நாள் பொலியூரிதேன் வாங்கினார். கல்லைத் தூசி போகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்தார். ஈரம் பட்டால் இந்த ரெசின் நுரைத்துவிடும். ஒவ்வொரு கல்லும் மினுங்கினால் போதும், இடுக்கு அடைபடக்கூடாது என்று அளந்து குழைத்துப் பரப்பினார்.

கார்த்திகையில் மழை கொட்டியது. கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வந்த இன்ஷாப், டீச்சரின் கேற்றடியில் வீரசிங்கத்தாரைக் கண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

“என்ன வீரசிங்கம் அண்ணன், நீங்க செய்ததெல்லாம் ஒழுகுதாமே?”

“ஓம்! மேல ஒரு சொட்டு நிண்டால் காட்டு பாப்பம். இப்பிடி ஒழுகப்பண்ண இந்தக் கரையில வேற ஆர் இருக்கினம்?”

இன்ஷாப் குனிந்து தேடினான். ஒரு கல்லும் அசையவில்லை, ஒரு சொட்டும் தேங்கவில்லை. மழை விடும்வரை வீரசிங்கத்தார் கேற்றடியிலேயே குடை பிடித்து நின்றார். திருகோணமலைக்குப் பஸ் பார்த்து நின்ற நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு, பாதையில் நடக்கவைத்த பிறகுதான் போகவிட்டார்.