காபன் போர்க்கோடு கலகெதர இறக்கம்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குக் கண்டியில் வீட்டைவிட்டுப் புறப்பட்டேன். போக வேண்டிய இடம் மாவத்தகம, அக்கா வீடு. வழியில் கட்டுகஸ்தோட்டையில் சைக்கிளுக்குப் புதுப் போர்க் மாட்ட வேண்டும். எல்லாமாக முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணித்தியாலம்.

போர்க் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை. அதன் மேல் குழாய் சைக்கிள் சட்டத்துக்குள்ளே ஏறி ஹேண்டிலோடு சேரும். அது ஒடிந்தால் ஆள் முகங்குப்புற விழுவான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கலகெதர இறக்கத்தில், மூன்றாவது வளைவில், என் பழைய இரும்புப் போர்க்கின் ஒரு கால் ஒடிந்தது. எனக்கு இரண்டு பல்லும் ஒரு தோள் எலும்பும் போயின.

அதற்குப் பிறகு வேறு இரும்புப் போர்க் மாட்டி ஓட்டினேன். ஆனால் அந்த இறக்கத்துக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் போனேன். பஸ்ஸிலும் அந்த வளைவு வரும்போது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பிறகு பயம் பரவியது. வேலைக்குப் போகும் வழியில் உள்ள சின்னப் பள்ளத்திலும் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். ஒரு தடவை கலகெதரயில் இறங்கினால் சைக்கிள் உண்டு. இல்லாவிட்டால் சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதான் என்று நானே முடிவு செய்தேன்.

வாசலில் மனைவி செல்வி நின்றாள்.

"பஸ்ஸுக்கு என்ன கேடு? மிச்சப் பல்லையும் அங்க போட்டுட்டு வரப் போறீங்களா?"

"காபன் போர்க் போட்டுட்டுத்தான் போறேன்."

"எதையாவது போடுங்க. போய்ச் சேர்ந்ததும் போன்ல ஒரு கோல் எடுங்க."

ஆறு நாற்பதுக்குக் கட்டுகஸ்தோட்டை. பாரூக் நானாவின் சைக்கிள் கடை பாலத்துக்கு இந்தப் பக்கம், கருவாட்டுக் கடைக்கு அடுத்தது. அவர் அப்போதுதான் பலகையைத் திறந்தார். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களில் இந்தப் போர்க்கை அவர்தான் தேடி எடுத்து வைத்திருந்தார். முப்பத்தெட்டாயிரம். மாட்டுவதற்குக் கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு.

கையில் வாங்கினேன். காபன் நாரில் செய்தது. கறுப்பு. கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. நம்பிக்கை வரவில்லை. கருவாட்டுக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். நானூற்றுப் பத்துக் கிராம். கழற்றிய இரும்புப் போர்க் தொள்ளாயிரத்துக்கு மேல்.

"நெத்தலி அரைக்கிலோ கூட இல்லையே" என்றார் கருவாட்டுக்காரர். "இதுலயா ஏறப் போறீங்க?"

நான் எழுபத்து நாலு கிலோ.

"நானா, இது தாங்குமா?"

"தாங்கும் அண்ணன். ரோட்டு அதிர்ச்சிய இது குடிச்சிரும், ஒங்கட கைக்கு வராது. ஒண்டு மட்டும் நெனவு வச்சுக்கோங்க. இரும்பு வளஞ்சு சொல்லும். இது சொல்லாது. ஒடிஞ்சா ஒரேயடியா ஒடியும்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. தூசி மூக்கில் போகக் கூடாது என்று துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி மேல் குழாயை அளவுக்கு அறுத்தார். "கொஞ்சம் ஒயரமாவே விட்டிருக்கேன். ஒங்கட முதுகு குனியாம ஓட்டலாம்" என்றார். கடைசியில் ஹேண்டிலைக் குழாயோடு பிடிக்கும் கவ்வியை இறுக்கினார். அதற்கு ஒரு தனிச் சாவி, ஸ்பேனர் மாதிரி. அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும். டிக் என்றது. நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்கு மேல கால் சுத்தும் வேணாம்."

நான் லொறி டயர் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். அங்கே நட்டு இறுக்கி முடித்த பிறகு சாவிக்கு இரும்புக் குழாய் மாட்டி அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதிப்போம். அதன் பிறகுதான் டிரைவரிடம் வண்டியைக் கொடுப்போம். நட்டுக் கழன்று செத்தவர்களை எனக்குத் தெரியும். இறுக்கியதால் செத்தவன் என்று ஒருவனையும் நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டு விரலால் இறுக்கியதை நம்பி எப்படி இறங்குவது? காசைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஒன்பதரைக்கு மகாவலிப் பாலத்தைக் கடந்தேன். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறமாகப் போனது. குருநாகல் ரோட்டில் திரும்பினேன். நானா சொன்னது உண்மைதான். குழிகளில் விழுந்தபோதும் கை விறைக்கவில்லை. சைக்கிள் சொன்ன இடத்துக்குத் திரும்பியது. ஒரு ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தது.

வெரெல்லகமவுக்குக் கிட்ட ஒரு ஏற்றத்தில் சத்தம் கேட்டது. கிரீச். மிதிக்கும் போதெல்லாம் கிரீச். காலை எடுத்தால் நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. இறங்கி, பையிலிருந்த வளைந்த எலன் கீயை எடுத்துக் கவ்வியின் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று இறுக்கினேன்.

ஹெதெனியவில் மறுபடி கிரீச். மறுபடி இறுக்கினேன். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இறுக்குங்க மகன், இறுக்குங்க. கழண்டா பிரச்சினை" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது.

கலகெதரவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது மூன்றாவது தடவை. இந்த முறை கீயின் நீளப் பக்கத்தைப் பிடித்து முழுக் கையால் இழுத்தேன். 'டக்' என்று ஒன்று கேட்டது. காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது. அதன் பிறகு போல்ட் இலகுவாகச் சுற்றியது. இரும்பு இப்படிச் செய்யாது.

ஏறி ஓட்ட மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டு போனேன். கலகெதர டவுனுக்குப் பதினொன்றரைக்கு வந்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பதினாறு கிலோமீட்டருக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு தேநீர்க் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன் டீ சொன்னேன். ஐம்பது ரூபாய். குடிக்கவில்லை. கவ்வியைக் கழற்றி மேலே தூக்கிப் பார்த்தேன்.

கறுப்புக் குழாயில், மேல் விளிம்புக்குக் கீழே, மயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது.

அங்கிருந்து ரோடு கீழே இறங்குகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த 'டக்' கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் இந்தக் கோட்டோடு இரண்டாவது வளைவில் இருப்பேன். அந்தக் கோட்டை நான்தான் போட்டேன் என்று அப்போது விளங்கியது. கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"கலகெதரயில."

"பஸ் இப்ப எடுத்துருமா?"

"பஸ்ல இல்ல அக்கா."

"சைக்கிள்லயா வந்த? டேய். அங்கயே நில்லு. அத எங்கயாவது போட்டுட்டு பஸ்ல வா. சோறு ஆறிப் போவுது."

"கொஞ்சம் லேட்டாகும் அக்கா" என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற த்ரீவீல்காரர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசினார்.

"என்ன அய்யே, பைசிக்கல் நோயா?"

"கட்டுகஸ்தோட்டைக்குப் போக எவ்வளவு?"

"ரெண்டாயிரம். நோயாளிக்குத் தனிக் காசு இல்ல."

முன் சக்கரத்தைக் கழற்றி, சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டரைக்கு நானா கடை. உள்ளே இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நானா த்ரீவீலைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தார்.

"விழுந்தீங்களா?"

"இல்ல."

கோட்டைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. சாவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அளவுலதானே நிப்பாட்டின. ஒங்கட கண்ணுக்கு முன்னாலதானே டிக் எண்டிச்சு. அறுக்கேக்க ஏதும் பட்டிச்சோ... என்ட கை பிழையா?"

நின்றவர்களில் ஒருவர், நல்ல சைக்கிள் வைத்திருப்பவர், மற்றவரிடம் சொன்னார்: "இந்த வேலையெல்லாம் கொழும்புலதான் குடுக்கணும் மச்சான்."

நானா அதைக் கேட்டார். தலையைத் தூக்கவில்லை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வேறு போர்க்கே தந்திருப்பார். அப்படிப்பட்ட ஆள். அந்த எண்ணம் எனக்கு வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. வந்தது, கொஞ்ச நேரம் நின்றது.

"நான்தான் இறுக்கினேன்" என்றேன்.

"என்னது?"

"வழியில சத்தம் வந்துச்சு. இறுக்கினேன்."

"எத்தன தரம்?"

"மூணு."

நானா எழுந்தார். இவ்வளவு சத்தம் அவரிடமிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

"மூணு தரமா! லொறி நட்டா அண்ணன் இது? நான் தமிழ்லதானே சொன்ன? கால் சுத்தும் வேணாம் எண்டு சொன்ன இல்லையா? அந்த எறக்கத்துல போயிருந்தா ஒங்கட பொஞ்சாதிக்கு நான் என்ன பதில் சொல்ற? அல்லாஹ் காப்பாத்தினான் ஒங்களயும் என்னையும். எங்க அந்தக் கீ? தாங்க இங்க."

கொடுத்தேன். மேசை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். கொழும்புக்குப் போகச் சொன்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்த்தார்.

பிறகு நானா முன் சக்கரத்தை மாட்டிவிட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்து அப்படி இப்படி ஆடினார். கிரீச். இறங்கினார். சீட்டைக் கழற்றி அதன் கம்பியில் ஒரு பொட்டு கிரீஸ் தடவி மாட்டினார். மறுபடி ஆடினார். சத்தம் இல்லை.

"போர்க்குல இல்ல அண்ணன். நீங்க குந்திக்கொண்டிருந்த எடத்துல."

வாடிக்கையாளர் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழாயை ஸ்பிரிட்டால் துடைத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். நாணயத்தால் மேலிருந்து கீழாகத் தட்டினார். கோடு இருந்த இடத்தில் சத்தம் செத்துக் கேட்டது. அதற்குக் கீழே டங் டங் என்று இருந்தது. மூன்று தரம் தட்டினார். நான் கேட்டு நான்காம் தரமும் தட்டினார். பிறகு மூன்று சென்டிமீட்டர் அறுத்து எறிந்துவிட்டு, கவ்வியைக் கீழே இறக்கி மாட்டினார். காலையில் உயரமாக விட்டிருந்ததால்தான் அது முடிந்தது. டிக்.

"இப்ப கொஞ்சம் குனிஞ்சுதான் ஓட்டணும்" என்றார். "காசு வேணாம். போங்க. கண்ணால பாருங்க, கை வைக்காதீங்க."

"இறங்கலாமா நானா?"

அவர் கவ்வியை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். "நானெண்டா எறங்குவேன்" என்றார்.

இரண்டு பத்துக்குத் திரும்பப் புறப்பட்டேன். மூன்று நாற்பதுக்குக் கலகெதர. த்ரீவீல்காரர் கையைத் தூக்கினார். நிற்கவில்லை. நின்றால் நின்றுவிடுவேன்.

இறக்கம் ஆரம்பித்தது. குனிந்திருந்ததால் ரோடு முகத்துக்குக் கிட்ட இருந்தது. மழை பெய்து விட்டிருந்தது, பாறைப் பக்கம் ஈரம். முதல் வளைவில் இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ரப்பர் மணத்தது. வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டியது. இரண்டாவது வளைவில் பின்னால் பஸ் ஹோர்ன். குருநாகல் பஸ். என்னை உரசிக்கொண்டு போனது. மிதிபலகையில் நின்ற கண்டக்டர், "ஹெமின், ஹெமின்!" என்று கத்தினார். மெதுவாக என்று அர்த்தம். அதற்கு மேல் மெதுவாகப் போனால் விழுந்துவிடுவேன்.

மூன்றாவது வளைவு. இரண்டு வருடத்துக்கு முன் என்னைத் தூக்கி உட்கார வைத்த மதில் அப்படியே இருந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு சத்தம் கேட்டது. கல் தெறித்ததோ, சங்கிலியோ. நிறுத்தி இறுக்கிப் பார்க்கக் கை அரித்தது. கீ இல்லை. கண்ணால் மட்டும் பார்த்தேன். போர்க் இருந்தது. அதற்குள் வளைவு முடிந்திருந்தது.

மற்ற வளைவுகளை எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. ரோடு தட்டையாகி, தென்னை மரங்கள் தொடங்கி, காற்று சூடான பிறகுதான் கீழே வந்துவிட்டேன் என்று தெரிந்தது. கண்டியைவிட அங்கே வெயில் அதிகம். எனக்குக் குளிர்ந்தது.

நாலு ஐம்பதுக்கு மாவத்தகம. பஸ் நிறுத்தத்தில் அக்கா குடையோடு நின்றாள். பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் கண்டாள்.

"மத்தியானத்துல இருந்து ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஏழு பஸ் போயிருச்சு. எரும மாதிரி இதுலயே வந்து நிக்கிற. எறங்கு."

"கொஞ்சம் இரு."

"எறங்குடா."

"விரல் திறக்குதில்ல அக்கா."

அக்கா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தாள். ஹேண்டிலில் இருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்தாள். முதலில் வலது கை, பிறகு இடது. நடு விரலை எடுக்கும்போது நொந்தது.

"இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு என்னத்துக்குடா வந்த?"

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

"சோறு இருக்கா?" என்று கேட்டேன்.