மகள் பெயரில் ஒரு கணக்கு

கனடாவில் வேலை கிடைத்ததும் எங்கள் வங்கிக் கணக்குகளையெல்லாம் வெளிநாட்டில் வசிப்போருக்கான கணக்குகளாக மாற்ற வேண்டியிருந்தது. மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு, நானும் மனைவியும் மல்லேஸ்வரத்து வங்கிக்குப் போனோம். அதிகாரி ஒரு கன்னடப் பெண்மணி. எங்களிடம் தமிழிலேயே பேசினார்.

"உங்க மகள் பேர்லயும் ஒரு அக்கவுண்ட் இருக்கே சார். அவங்களும் உங்ககூட வர்றாங்களா?"

எங்கள் முதல் குழந்தையான அவள் நான்கு வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் பிறந்தபோது தொடங்கிய கணக்கு அது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"அவ இப்ப இல்லைங்க" என்றேன்.

அதிகாரி திகைத்துப் போய்த் திரையைப் பார்த்தார். "போன மாசம்கூடப் பணம் போட்டிருக்கீங்களே?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவ பிறந்தநாளுக்குப் போட்டேங்க" என்றாள். "வருஷா வருஷம் போடறேன். வேற என்ன வாங்கித் தர முடியும் அவளுக்கு?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரி மேடம். இதை க்ளோஸ் பண்ணித்தான் ஆகணும்" என்றார் தணிந்த குரலில்.

மனைவி கையெழுத்துப் போட்டாள். அந்தப் பணமும் சேர்ந்துதான் எங்கள் விமான டிக்கெட் ஆயிற்று.

திரும்பும்போது ஆட்டோவில், "அவளை மட்டும் இங்க விட்டுட்டுப் போறோம்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். மகள் போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.