அக்கா காலியாக வைத்த இடம்

ஓராண்டுக்கு முன் அக்காவை வழியனுப்ப வந்தவர்களும், வர இயலாமற் போனவர்களும் இன்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அக்கா வென்றார் என்று சொல்லவே எழுதுகிறேன். அவர் வென்றது என்னை.

அக்கா வாலாஜாபாத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். எனக்கு நான்கு வயது மூத்தவர். ஒரகடம் பக்கத்திலுள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மகன் ஏழுமலை கைக்குழந்தையாக இருந்தபோதே மாமா காலமானார். நாற்று நட்டும் களை பறித்தும் மகனை வளர்த்தார். என்னையும் ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார். நான் இந்த ஊர்ப் பள்ளிக்கே ஆசிரியராக வந்து, அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

இனி என் குற்றம். அந்த ஆண்டு முதல் வகுப்பில் பிள்ளைகள் போதவில்லை. எண்ணிக்கை குறைந்தால் என் பணியிடம் போய்விடும். பிறப்புச் சான்று இல்லாத காலம் அது. வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று கணக்கு. ஏழுமலைக்கு மூன்றரை வயது. கை உச்சந்தலையைத் தாண்டவில்லை. நான் அவன் தலையைப் பிடித்து வலப்பக்கம் சாய்த்தேன். விரல் காதில் பட்டது.

வாசலில் நின்ற அக்கா பதறினார். "டேய், கொயந்த தலைய சாய்க்காத. கையி வளந்து தானா எட்டட்டும்."

"பேருக்குத்தானேக்கா" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் இரண்டு வயது கூட்டி எழுதினேன்.

பதினாறு வயதில் ஏழுமலை, அந்த வயது ஏறிய பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். காகிதத்தில் அவனுக்குப் பதினெட்டு. அக்கா பள்ளிக்கே ஓடிவந்தார். "நீ எயுதனது தப்புன்னு போயி சொல்லுடா. புள்ளய உட்டுடுவாங்க."

"சொன்னா என் வேலை போயிடும்க்கா" என்றேன்.

அக்கா திரும்பி நடந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், மேற்கு எல்லையில் ஏழுமலை வீழ்ந்தான். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் எனக்குச் சோறு போட்டார், நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தப் பேச்சை மட்டும் அவர் எடுக்கவேயில்லை.

கார்கில் போருக்குப் பிறகு, நம் ஊரிலும் போரில் மாண்டவர்களுக்கு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று ஊரார் கூடினார்கள். முதல் உலகப் போருக்குக் கப்பலேறித் திரும்பாத இருவர், பர்மாவில் மடிந்த ஒருவர், ஏழுமலை என நான்கு பெயர்கள். தொழிற்சாலைகளுக்கு நிலம் கேட்டுத் தரகர்கள் அலைந்த காலம் அது. அக்காவோ சாலைத் திருப்பத்தில் இருந்த தம் நிலத்தில் கல்லுக்கு இடம் கொடுத்தார். ஏழுமலைக்குப் பத்தொன்பது வயது என்று பட்டியலில் படித்தபோது எழுந்து நின்றார்.

"பத்தொம்போது இல்ல. பதினேயு."

பட்டியலைப் படித்த ஊராட்சித் தலைவர் சங்கடப்பட்டார். "பெரிம்மா, மத்த மூணு பேருக்கும் காயிதம் இல்ல, வூட்ல சொன்னத போட்டுக்கினோம். இவுருக்கு மிலிட்டரி காயிதமே கீதே. நான் இன்னா பண்றது?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அப்ப அந்த எடத்த காலியா வுடு" என்றார்.

அப்படியே கல் நின்றது. மூன்று பெயர்களுக்கு வயது உண்டு. நான்காவது பெயருக்கு எதிரே வழவழப்பான கறுப்பு மட்டும். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா ஈரத்துணியால் அதைத் துடைப்பார். ஒருநாள் நானும் உடன் இருந்தேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் கேட்டான்: "ஆச்சி, இந்த அண்ணனுக்கு மட்டும் ஏன் வயசு போடல?"

"தெரிஞ்சவரு ஒருத்தரு கீறாரு. சொல்லுவாரு. காத்துக்கினு கீறேன்."

என் பக்கம் அவர் திரும்பவில்லை.

அடுத்து வந்த குடியரசு நாள் கிராமசபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பணியிடத்துக்காகத் தலையைச் சாய்த்ததையும், அக்கா கெஞ்சியபோது மறுத்ததையும். பிறகு பின்வரிசையிலிருந்து லாரி ஓட்டும் கண்ணப்பன் குரல் கொடுத்தான்: "இன்னா வாத்தியாரே, என்னயும் நீதானே சேத்த? அப்ப என் வயசு இன்னா கதி?"

அக்கா திரும்பாமலே சொன்னார்: "நீ மீசையோட வந்து சேந்தவன்டா. ஒக்காரு."

சபை வெடித்துச் சிரித்தது. வயதைப் பதினேழு என்று பொறிக்க அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது. பதிவேட்டை எழுதியவன் சொல்லே சான்று என்றார் தலைவர்.

கல் பொறித்த அன்று அக்கா புதுச்சேலை உடுத்தி வந்தார். உளி ஓய்ந்ததும் இரண்டு இலக்கங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டுக் காட்டினார். "டேய் தம்பி, எனக்கு எட்டுது பாரு. சேத்துக்குவியா?"

நான் அழுதேன். அக்கா சிரித்தார். முப்பது ஆண்டுகளில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறு ஆண்டு, மூன்று நாள் காய்ச்சலில், நிறைந்த மனத்தோடு அக்கா கண்மூடினார். பாடையை அந்தக் கல்லின் முன் இறக்கினோம். ஷிப்ட் முடிந்து வந்த பஸ்கள் நின்றன. இறங்கிய பிள்ளைகள் இருபுறமும் வரிசையாக நின்று, பெயர்கூடத் தெரியாத அக்காவைக் கைகூப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கும், கல்லைச் செதுக்கிய சிற்பிக்கும், தலைவருக்கும், கடைசி மூன்று நாளும் அக்கா அருகிலிருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், என்னைத் தள்ளிவைக்காத ஊராருக்கும் என் நன்றி.

உறவினர்களே, திரும்பும் வழியில் அந்தத் திருப்பத்தில் ஒரு நிமிடம் இறங்குங்கள். நான்காவது வரியை வாய்விட்டுப் படியுங்கள்: ஏழுமலை, வயது 17. அக்கா சொன்னது அதுதான்.